அமெரிக்கச் சிறு கல்லூரிக்கு இளநிலை விண்ணப்பம்: ஒரே மாணவியின் இரண்டு கோப்புகள்

இந்த ஆய்வில் வரும் மாணவி தனியொருவர் அல்ல. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து அமெரிக்கச் சிறு கல்லூரிகளுக்குப் போகும் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப நேரும் சிக்கல்களை ஒரு கோப்பில் சேர்த்து அமைத்த மாதிரி இது. மதிப்பெண்களும் குடும்ப வருமானமும் முடிவுகளும் மாதிரிக்காக வைத்தவை. படிவங்களும் விதிகளும் காலக்கெடுக்களும் உண்மையானவை. கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டிருக்கிறோம்.

சிறு கல்லூரி என்று இங்கே சொல்வது ஆம்ஹர்ஸ்ட், போடன், கிரினெல், மெக்கலெஸ்டர், ஹேவர்ஃபோர்ட் போன்ற லிபரல் ஆர்ட்ஸ் (கலையும் அறிவியலும் கலந்து படிக்கும்) கல்லூரிகளை. இவற்றில் படிப்பவர்கள் ஏறத்தாழ எல்லோருமே இளநிலை மாணவர்கள். மொத்தமாக 1,000 முதல் 2,500 பேர் வரை இருப்பார்கள். முதலாண்டு வகுப்புக்குச் சில நூறு பேரைத்தான் எடுப்பார்கள். 450 பேர் கொண்ட வகுப்பில் பத்தில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் 45 இடம். அந்த 45 உலகத்துக்கெல்லாம் சேர்த்து. ஓர் இடம் இப்படியா அப்படியா என்று திரும்புவதற்கு மிகச் சிறிய விஷயம் போதும் என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

மாணவியும் முதல் கோப்பும்

ஈரோடு மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி, மாநிலப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் 500க்கு 478. பதினொன்றில் 600க்கு 561. வீட்டில் நான்கு விசைத்தறிகள். ஆண்டு வருமானம் 6,40,000 ரூபாய். குடும்பத்தால் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய் வரை கொடுக்க முடியும், அதாவது சுமார் 4,100 டாலர். கல்லூரிகளின் ஓராண்டு மொத்தச் செலவோ, கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து, 80,000 டாலருக்கு மேல்.

பன்னிரண்டாம் வகுப்பின்போது ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். நவம்பரில் ஒரு கல்லூரிக்கு எர்லி டிசிஷன் (அனுமதி வந்தால் அங்கேயே சேர்வதாக ஒப்புக்கொள்ளும் முன்சுற்று), மற்ற எட்டுக்கும் ஜனவரியில் வழக்கமான சுற்று. டிசம்பர் நடுவில் எர்லி டிசிஷன் மறுப்பு வந்தது. மார்ச் இறுதியில் ஆறு மறுப்பு, ஒரு காத்திருப்புப் பட்டியல், ஓர் அனுமதி. அனுமதி தந்த கல்லூரியின் செலவு 78,000 டாலர். கொடுத்த உதவி 52,000. மீதி 26,000 டாலர் ஆண்டுதோறும் வேண்டும். அது அந்தக் குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்தைவிட அதிகம். மே 1க்குள் மறுத்து எழுத வேண்டியதாயிற்று.

ஓராண்டு கழித்து அதே மாணவி, அதே வருமானத்தோடு, எட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். இரண்டு அனுமதி வந்தது. ஒன்றில் குடும்பம் கட்ட வேண்டியது 4,200 டாலர். எந்தக் கல்லூரியும் ஏன் மறுத்தோம், ஏன் எடுத்தோம் என்று காரணம் சொல்வதில்லை. ஆகவே இன்னதுதான் மாற்றியது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் முதல் கோப்பில் பழுதாக இருந்தவை என்னென்ன என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். கட்டுரை பழுதான பகுதி அல்ல. எல்லோரும் மாதக்கணக்கில் கட்டுரையைத்தான் திருத்துகிறார்கள். கோப்பு உடைவது பெரும்பாலும் கல்லூரிப் பட்டியலிலும் பணப் படிவத்திலும் பள்ளி அனுப்பும் தாள்களிலும்.

பட்டியல்: பெரிய தவறு இங்கே

உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டு வகை. பணம் கேட்கிறாரா என்று பாராமலே தேர்ந்தெடுப்பவை நீட்-பிளைண்ட். எவ்வளவு கேட்கிறார் என்பதையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுப்பவை நீட்-அவேர். (நீட் என்பது இங்கே பணத்தேவை, நம் நுழைவுத் தேர்வு அல்ல.) அமெரிக்கக் குடிமக்களுக்கு நீட்-பிளைண்டாக இருக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவருக்கு நீட்-அவேர். வெளிநாட்டவருக்கும் நீட்-பிளைண்டாக இருக்கும் சிறு கல்லூரிகளை விரல்விட்டு எண்ணலாம். ஆம்ஹர்ஸ்டும் போடனும் அவற்றில் அடக்கம். இந்தக் கொள்கை மாறக்கூடியது. அந்தந்த ஆண்டின் சேர்க்கைப் பக்கத்தில், வெளிநாட்டு மாணவருக்கான பகுதியில், அதே சொல்லால் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

நீட்-அவேர் கல்லூரியில் வெளிநாட்டவருக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கும். 80,000 டாலர் கேட்கும் ஒருவரை எடுத்தால் 40,000 கேட்கும் இருவரை விட வேண்டியிருக்கும். அங்கே கேட்கும் தொகையும் விண்ணப்பத்தின் ஒரு பகுதி. மதிப்பெண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்.

முதல் பட்டியலைப் பெயரும் புகழும் பார்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்பதில் ஐந்து, மிகக் குறைந்த விகிதத்தில் அனுமதி தரும் நீட்-அவேர் கல்லூரிகள். மூன்று, தேவைக்கேற்ற முழு உதவியை வெளிநாட்டவருக்குத் தருவதே இல்லை. தகுதி உதவித்தொகை மட்டும் உண்டு, அதன் உச்சமே செலவில் மூன்றில் இரண்டு பங்குதான். அனுமதி வந்தது இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான். அந்த அனுமதி பயன்படாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் எச் பகுதியின் 6ஆம் கேள்வி வெளிநாட்டு மாணவருக்கான உதவி பற்றியது: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. பி பகுதியின் 2ஆம் கேள்வியில் மொத்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 180 வெளிநாட்டவரில் 150 பேருக்கு உதவி, சராசரி 68,000 என்றால் அங்கே நம் போன்ற குடும்பத்துக்கு வழி இருக்கிறது. 180 பேரில் 160 பேருக்கு உதவி, ஆனால் சராசரி 27,000 என்றால் அது வெறும் கட்டணத் தள்ளுபடி. தேவைக்கான உதவி அல்ல. 180 பேரில் 40 பேருக்கு மட்டும், சராசரி 75,000 என்றால் வாசல் இருக்கிறது, மிகக் குறுகலானது. உதவி பெறுபவரின் எண்ணிக்கை, சராசரித் தொகை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

அதே ஆவணத்தில் சி பகுதியின் 7ஆம் கேள்வி, எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லும். அதில் விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம் என்று ஒரு வரி உண்டு. முக்கியம் என்று குறித்திருக்கும் கல்லூரியென்றால் இணையவழித் தகவல் கூட்டத்தில் கலந்துகொள்வதும், நேர்காணல் வாய்ப்பு தந்தால் எடுத்துக்கொள்வதும் கணக்கில் வரும். கருதுவதில்லை என்றிருந்தால் அந்த நேரத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

எர்லி டிசிஷன் பற்றி ஒரு வார்த்தை. அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரே நேரத்தில் ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். தரும் உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ள அனுமதி உண்டு, அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் எர்லி டிசிஷனில் வாய்ப்பு கூடுகிறது என்ற பொதுவான கணக்கை முழு உதவி கேட்பவர் அப்படியே நம்பக் கூடாது. இரண்டாம் கோப்பில் வெளிநாட்டவருக்கு நிறைய உதவி தரும் ஒரு கல்லூரிக்கு அதைப் போட்டார். கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டும் வழக்கமான சுற்றில் வந்தவை.

பணப் படிவம்

வெளிநாட்டு மாணவரிடம் பல கல்லூரிகள், குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் எழுதும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அக்டோபர் 1 அன்று திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. ஒன்பது கல்லூரி என்றால் 153 டாலர், 13,000 ரூபாய். கட்ட முடியாத குடும்பம் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். சில கல்லூரிகள் கட்டண விலக்குக் குறியீடு தருகின்றன, சில வேறொரு இலவசப் படிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. கேட்டதற்காக யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

முதல் கோப்பின் மோசமான பிழை இந்தப் படிவத்தில். சி.எஸ்.எஸ். ப்ரொஃபைலில் பெற்றோரின் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் தொகையையும் அந்த நாணயத்திலேயே எழுத வேண்டும். இவர்கள் ரூபாய் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வருமானத்தை டாலராக மாற்றி 7,530 என்று போட்டார்கள். படிவத்தைப் பொறுத்தவரை அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 7,530 ரூபாய்; மாதம் 630 ரூபாய்கூட இல்லை. அதே படிவத்தில் வீட்டின் மதிப்பு மட்டும் 22,00,000 என்று சரியாக ரூபாயில் இருந்தது. படிப்பவர் ஒன்று விளக்கம் கேட்டு எழுத வேண்டும், அல்லது கோப்பை ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு கல்லூரிகள் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தன. அவை ஸ்பாம் பெட்டியில் கிடந்தன.

அடுத்தது சான்றுகள். விசைத்தறி வருமானத்துக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தார்கள். அதோடு, பள்ளி உதவித்தொகைக்காக முன்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழும் கையில் இருந்தது. அதில் ஆண்டு வருமானம் 96,000. இருக்கட்டுமே என்று இரண்டையும் ஒரு கல்லூரிக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரே குடும்பத்துக்கு, ஒரே ஆண்டில், அரசு முத்திரையோடு இரண்டு வருமானம். இதற்கு எந்த விளக்கமும் எடுபடாது. கோப்பில் போகும் ஒவ்வொரு எண்ணும் வங்கிக் கணக்கோடும் வரிக் கணக்கோடும் ஒத்துப்போக வேண்டும். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத விவசாயக் குடும்பமென்றால் என்ன பயிர், எத்தனை ஏக்கர், விற்ற தொகை, செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் கொடுப்பது நேர்மையான வழி, எடுபடும் வழியும்கூட.

குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்ற கேள்வி ஏதாவதொரு படிவத்தில் வரும். முதல் முறை பூஜ்யம் என்று எழுதினார்கள். குறைத்துச் சொன்னால் அதிகம் கிடைக்கும் என்ற எண்ணம். 6,40,000 வருமானம் காட்டும் குடும்பம் பூஜ்யம் என்பது நம்பும்படி இல்லை. நீட்-அவேர் கல்லூரியில் அது கேட்கும் தொகையைத் தேவையில்லாமல் கூட்டவும் செய்கிறது. இரண்டாம் முறை 3,50,000 ரூபாய் என்று உள்ளதை எழுதினார்கள். மிகைப்படுத்தியும் எழுதக் கூடாது. 15,00,000 தருவோம் என்று எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு குறைத்துக் கேட்டால் கல்லூரி கேட்காது. சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டவர் பின்னர் எந்த ஆண்டிலும் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது என்றே பல இடங்களில் விதி இருக்கிறது.

பள்ளி அனுப்ப வேண்டியவை

பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் மாணவர் பகுதி ஆகஸ்டு 1 அன்று திறக்கிறது. பள்ளியின் பகுதி தனி: பள்ளி அறிக்கை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான மதிப்பெண் பட்டியல், ஆலோசகர் கடிதம், பாட ஆசிரியர் கடிதங்கள், ஜனவரியில் இடைக்கால அறிக்கை, கடைசியில் இறுதி அறிக்கை. நம் பள்ளிகளில் ஆலோசகர் என்ற பதவி பெரும்பாலும் இல்லை. தலைமையாசிரியரே அந்த இடத்தில் இருக்கலாம். அவருக்கு இந்தத் தளம் புதிது. ஜூன், ஜூலையிலேயே அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் காட்டிவிடுவது நல்லது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் போய் நின்றால் அவரால் முடியாது.

முதல் கோப்பில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணே இல்லை. பொதுத்தேர்வுச் சான்றிதழ் நகல்களை மட்டும் அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளியின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்து, முத்திரையோடு ஒரே தாளில் நான்காண்டும் வரும்படி தர வேண்டும். பன்னிரண்டுக்குக் காலாண்டு மதிப்பெண்; ஜனவரியில் அரையாண்டு. மதிப்பெண்ணை அமெரிக்க முறைச் சராசரியான ஜி.பி.ஏ.வாக மாற்ற வேண்டாம். 600க்கு 561 என்றால் அப்படியே. மாற்றித் தரும் தளங்களின் கணக்கைக் கல்லூரிகள் ஏற்பதில்லை, அவர்களுக்கு நம் முறை தெரியும்.

தெரியாதது நம் பள்ளி. ஆகவே இரண்டாம் முறை தலைமையாசிரியர் ஒரு பக்கத்தில் பள்ளி அறிமுகத்தாள் தயாரித்தார். பாடத்திட்டம், பயிற்றுமொழி, பன்னிரண்டில் எத்தனை மாணவர், எந்தெந்தப் பிரிவுகள், சென்ற ஆண்டு 550க்கு மேல் எடுத்தவர் எத்தனை பேர், பெற்றோர் செய்யும் தொழில்கள், பள்ளியில் எது இல்லை என்பவை. எது இல்லை என்பது மிக முக்கியம். கூடுதல் பாடம் எடுக்கவில்லையே என்ற கேள்விக்கு, எடுக்கவே வழி இல்லை என்ற பதில் மாணவியின் வாயிலிருந்து வருவதைவிடப் பள்ளியின் தாளிலிருந்து வருவது மேல்.

ஆசிரியர் கடிதங்களில் முதல் முறை வந்தவை நன்னடத்தைச் சான்றிதழின் நீட்சி. ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். ஆசிரியருக்கு மாணவியின் மேல் மிகுந்த அன்பு; கடிதத்தில் எது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் முறை வேதியியல் ஆசிரியரிடம் மாணவி ஒரு தாள் கொடுத்தார்: வகுப்பில் நான் கேட்ட கேள்வி எதுவும் நினைவிருக்கிறதா, தவறு செய்து திருத்திக்கொண்டது எது, மற்றவர்களுக்கு உதவியது எப்போது. ஆசிரியர் தமிழில் எழுதினார். ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டார். இரண்டும் சேர்ந்து போயின. சரளமான, எங்கும் பொருந்தும் ஆங்கிலக் கடிதத்தைவிட இது எவ்வளவோ மேல். கடிதத்தை மாணவரே எழுதி ஆசிரியர் பெயரில் ஏற்றும் பழக்கம் வேண்டாம் என்று கடுமையாக எச்சரிக்கிறோம். கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருப்பது படிப்பவருக்குத் தெரியும். தெரிந்தால் கோப்பு முடிந்தது.

பெயர்

தமிழ்ப் பெயருக்கு வரும் தனிச் சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக. தேர்வுப் பதிவில் வேறொரு வரிசை. கல்லூரியின் கணினி மூன்றையும் மூன்று ஆளாக நினைத்து, மதிப்பெண் வரவில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பள்ளி ஆவணத்தில் மட்டும் வேறாக இருக்கிறது என்று தலைமையாசிரியரின் ஒரு வரிக் குறிப்பு போதும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்து பெயரிடத்தில் அச்சாகும்.

விண்ணப்பம் அனுப்பிய சில நாளில் ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் ஒரு கணக்கு தரும். எது வந்தது, எது வரவில்லை என்று அங்கே தெரியும். வாரம் இருமுறை அதையும் ஸ்பாம் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

மாணவி எழுதியவை

முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். இரண்டு முறையும் ஏறத்தாழ அதேதான் போனது. நன்றாக இருந்தது, தொடவில்லை. மாறியது செயல்பாட்டுப் பட்டியல். பத்து இடம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். முதல் முறை பேச்சுப்போட்டி, நாட்டு நலப்பணித் திட்டம், ஓவியம் என்று இருந்தது. வாரம் 12 மணி நேரம் வீட்டுத் தறிக்குத் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றியதும், நூல் கணக்கு எழுதியதும் இல்லவே இல்லை. வீட்டு வேலையைப் போய் யார் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டார். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. இரண்டாம் கோப்பில் அது முதல் வரியாயிற்று: எத்தனை தறி, எத்தனை மணி நேரம், கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு எந்த இழப்பு தெரியவந்தது. சூழ்நிலையை விளக்கத் தனியாக 250 சொல் இடமும், கூடுதல் தகவலுக்கு 300 சொல் இடமும் இருக்கின்றன. சொல்ல ஏதுமில்லாவிட்டால் காலியாக விடலாம்.

எங்கள் கல்லூரி ஏன் என்ற துணைக் கட்டுரையில்தான் கல்லூரி சிறியது என்பது வேலை செய்கிறது. ஒரு துறையில் நான்கைந்து பேராசிரியர்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டால், அல்லது ஆய்வு விடுப்பில் இருந்தால், அவர் நடத்தும் பாடங்கள் அந்த ஆண்டு நடக்காமல் போகலாம். முதல் கோப்பில் ஒரு பேராசிரியரோடு பாலிமர் வேதியியல் ஆய்வு செய்ய ஆசை என்று எழுதியிருந்தார். அவர் ஓய்வுபெற்றவர் என்று துறைப் பக்கத்திலேயே இருந்தது. பாடப் பட்டியலில் இருப்பது வேறு, இந்தப் பருவத்தில் நடத்துவது வேறு. பருவ அட்டவணையைத் திறந்து, கடந்த இரண்டாண்டில் உண்மையில் நடந்த பாடங்களைப் பார்த்து எழுத வேண்டும். கட்டுரையில் கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிறதென்றால் அதைத் திரும்ப எழுத வேண்டும்.

இடைப்பட்ட ஓராண்டு

மே மாதம் அனுமதியை மறுத்த பிறகு இங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாம் என்று வீட்டில் யோசித்தார்கள். சேர்ந்திருந்தால் பல அமெரிக்கக் கல்லூரிகள் அவரை முதலாண்டு விண்ணப்பதாரராகக் கொள்ளாமல் மாறுதல் விண்ணப்பதாரராகக் கொள்ளும். மாறுதலில் வரும் வெளிநாட்டவருக்கு உதவி மிகக் குறைவு, பல இடங்களில் இல்லவே இல்லை. சேரவில்லை. அந்த ஆண்டு பக்கத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், தறிக் கணக்கைப் பார்த்துக்கொண்டார், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எழுதினார். பொதுத்தேர்வு மதிப்பெண் முழுதாகக் கையில் இருந்ததால் இரண்டாம் கோப்பில் ஊகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் ஓராண்டைக் கொடுப்பது எல்லாக் குடும்பத்துக்கும் முடிகிற காரியமல்ல. உள்ளூர் இடத்தை விட்டுவிட்டு எதுவுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பும் உண்மையானது. பட்டியலை முதல் முறையே கணக்குப் பார்த்துப் போட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அனுமதிக்குப் பிறகு

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 சான்றைக் கல்லூரி தருவதற்கு, குடும்பம் தர ஒப்புக்கொண்ட தொகைக்கு வங்கிச் சான்று கேட்கும். பிறகு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணல். விமானச் செலவும் மருத்துவக் காப்பீடும் உதவியில் அடங்கியிருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதுவும் சொல்லாவிட்டால் இல்லை என்றே கொள்ள வேண்டும். படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த வருமானம் வேலை செய்த பிறகுதான் வரும், சேரும் நாளில் கட்ட வேண்டிய தொகைக்கு உதவாது.

இன்னொன்றைக் கல்லூரிக் கடிதங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் தரும் உதவித்தொகைக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தருவது வரிக்குரிய வருமானம்; எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரிடம் அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பகுதி ஆண்டுக்கு 18,000 டாலர் என்றால் 2,520 டாலர், கையிலிருந்து கட்ட வேண்டியதாக முதல் பருவத்திலிருந்தே கட்டணப் பட்டியலில் வந்து நிற்கும். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி இந்திய மாணவருக்கு நிலையான கழிவு (வரி போடாமல் விடும் தொகை) உண்டு. ஆகவே மறு ஆண்டு ஏப்ரல் 15க்குள் 1040-என்.ஆர். என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால் பெரும்பகுதி திரும்ப வரும். அதுவரை தாங்க, 4,200 டாலருக்கு மேல் சுமார் 2,500 டாலரை முதலாண்டுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது.